சொன்ன நேரத்துக்கு ஒன்பது தரம்

நவம்பர் 6

ஜெர்மன் வகுப்பு ரீச்சர் எங்களைத் தினமும் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார். ஜெர்மனில் எழுத வேண்டுமாம், அப்போதுதான் மொழி வாயில் ஓடி வருமாம். நான் தமிழில்தான் எழுதப் போகிறேன். ஜெர்மனில் எனக்குத் திட்ட வராது. திட்டாமல் என்ன நாட்குறிப்பு?

என் பெயர் சுகிர்தா. ஆனால் இந்த முல்டன்பாக் ஊரில் பதினான்கு வருடமாக நான் ஃப்ராவ் வல்லிபுரம், அதாவது திருமதி வல்லிபுரம். வல்லிபுரம் என் மாமனார். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று ஏது? தகப்பன் பெயர்தான். என் வீட்டுக்காரர், இவர், சுவிசில் வந்திறங்கிய அன்று படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் தன் அப்பாவின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார். முடிந்தது கதை. தபால்காரரிலிருந்து பல் வைத்தியர் வரை எல்லோரும் என்னை அந்தப் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். மரியாதைக்காக நான் வாயால் சொல்லாமல் இருந்த பெயர்! மாமா உயிரோடு இருந்த காலத்தில் என்னோடு நாலு வார்த்தை கதைத்ததில்லை. இப்போது என் வங்கி அட்டையில் குந்திக்கொண்டிருக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரி முதலாம் திகதி புதுச் சட்டம் வருகிறது. அதற்குப் பிறகு சி விசா, அதாவது நிரந்தர விசா, வைத்திருப்பவர்கள் மட்டும்தான் குடியுரிமைக்கு மனுப் போடலாம். எங்களிடம் இருப்பது பி, வருடா வருடம் புதுப்பிக்கிற சாதி. சி கிடைக்க இன்னும் எத்தனை வருடமோ, ஆருக்குத் தெரியும்? டிசம்பர் முடிய முன் கொடுத்தால் பழைய சட்டப்படி பார்ப்பார்களாம். இவர் நேற்று வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னார்.

"சுகிர்தா, இதை விட்டால் பேந்து பிடிக்கேலாது. நீர் என்ன சொல்லுறீர்?"

சரியென்றேன். எனக்கு இதில் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. ஒவ்வொரு நவம்பரும் விசாக் கடிதம் வரும்வரை எனக்குச் சோறு இறங்காது, நாளுக்கு மூன்று தரம் தபால்பெட்டியைத் திறந்து பார்ப்பேன், அது வேறு விஷயம்.

நவம்பர் 9

இன்றைக்கும் சக்கரையோடு கொழுவல்.

சக்கரை என்றால் எதிர்வீட்டு ஃப்ராவ் ட்ஸ்கிராக்கன். ஒரே மாடி, கதவுக்குக் கதவு. அந்தப் பெயரை உச்சரிக்கப் போய் இவருடைய பல்லுக்கட்டு ஒருநாள் கழன்று விழுந்தது. அன்றிலிருந்து வீட்டுக்குள் அவர் சக்கரை. பெயரில்தான் இனிப்பு.

இந்தக் கட்டிடத்தில் உடுப்புத் தோய்க்கிற அறை ஒன்றுதான். வீட்டுக்கு ஒரு நாள், பூட்டுக்கு ஒரு திறப்பு, சுவரில் ஒரு அட்டவணை. என்னுடைய நாள் வியாழன், காலை ஏழிலிருந்து பன்னிரண்டு வரை. இன்றைக்கு நான் பன்னிரண்டு அடித்து நாலு நிமிடம் கழித்து மெஷினுக்குள் இருந்து இவருடைய சாரத்தை எடுத்தேன். சக்கரை கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

"நான்கு நிமிடம், ஃப்ராவ் வல்லிபுரம்."

நான் முதியோர் இல்லத்தில் சலவைப் பகுதியில் வேலை செய்கிறவள். நாளுக்கு இருநூறு படுக்கை விரிப்பு மடிக்கிறேன். எனக்கு வந்து நேரம் சொல்கிறாராம். மன்னிப்புக் கேட்டுவிட்டு "இஹ் கேயே உண்ட் கொம்மே" என்று சொல்லிக் கிளம்பினேன். "போயிட்டு வாறன்" என்பதைத்தான் ஜெர்மனில் அப்படிச் சொல்கிறேன். "போறன்" எங்கள் வாயில் வராதே. போறன் என்றால் ஒரேயடியாகப் போகிறதல்லவா? கடைக்குப் போனாலும் கக்கூசுக்குப் போனாலும் போயிட்டு வாறன்தான். கேட்கிறவர்கள் "ஓம், போயிட்டு வாங்கோ" என்று சொல்ல வேண்டும். அதுதான் முறை.

சக்கரை அப்படிச் சொல்வாரா? வந்த முதல்நாள், கையில் வடைத் தட்டோடு போய் அறிமுகமாகித் திரும்பும்போது இதைச் சொன்னேன். உடனே கேட்டார்: "எப்போது?"

எப்போதாம்! அடுத்தவர் வீட்டுச் சங்கதி அறிகிற விடுப்பு, சரியான விடுப்பு. வாயை அடைக்க "அரை மணித்தியாலம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்று தொடங்கியது. பதினான்கு வருடமாக ஒவ்வொரு தரமும் "எப்போது?" நானும் வாயில் வந்த நேரத்தைச் சொல்வேன். அவர் உடனே கதவுக்குப் பின்னால் தொங்குகிற சின்னக் கொப்பியில் பென்சிலால் ஏதோ குறித்துக்கொள்வார். எங்களுடைய குப்பைப் பை, பொரியல் மணம், எல்லாம் அதில் ஏறும் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 24

மனுவில் எங்களைத் தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவரின் பெயர் கொடுக்க வேண்டும். இவர் என்னைக் கேளாமலே சக்கரையின் பெயரை எழுதிவிட்டார்.

"உங்களுக்கென்ன விசரே?" என்று கேட்டேன். "அந்த மனிசி எங்களை நாடு கடத்திப்போட்டுத்தான் உடுப்புக் காயப்போடும்."

"வேற ஆரப்பா எங்களைத் தெரியும் இந்த ஊரில?"

பிள்ளைகள் இருந்திருந்தால் பள்ளிக்கூடத்தில் நாலு தாய்மாரைத் தெரிந்திருக்கும். எங்களுக்கு இல்லை. விடுவோம்.

டிசம்பர் 22

கொடுத்தாச்சு. மனு வாங்குகிற ஊர்க் கந்தோர் பதினொன்றரைக்குப் பூட்டும். பதினொன்று இருபத்தெட்டுக்கு உள்ளே விழுந்தோம். இவருக்கு இன்னும் மூச்சு வாங்குகிறது.

ஜனவரி 1

புதுச் சட்டம் வந்துவிட்டது. யன்னலால் பார்த்தேன். பனிதான் கொட்டுகிறது.

ஜனவரி 21

லண்டனிலிருந்து தங்கச்சி நளாயினி எடுத்தாள். மூத்தவளுக்குச் சம்பந்தம் பொருந்திவிட்டது, அடுத்த வருடம் ஜூனில் கலியாணம்.

"அக்கா, இந்த முறையாவது வாருங்கோ. ரெண்டு தரம் பிரிட்டன் விசா தராம விட்டவங்கள். அவள் பெரியம்மா வரவேணுமெண்டு நிக்கிறாள்."

"பாப்பம்" என்றேன். எனக்குக் கலியாண வீட்டுக்குப் போக அப்படி ஒன்றும் அவசர அவதியில்லை. என்ன நிறச் சீலை என்று மட்டும் கேட்டு வைத்தேன். மாம்பழ மஞ்சளாம்.

பெப்ரவரி 13

சக்கரைக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. ஊன்றுகோலோடு வந்திருக்கிறார். எனக்கு அவரோடு ஒரு உறவு கொண்டாட்டமும் இல்லை. ரசம் கொஞ்சம் மிஞ்சிப்போய்விட்டது, அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பெப்ரவரி 21

எட்டு நாளாக ரசம் மிஞ்சுகிறது. இவர் பானையை எட்டிப் பார்த்துவிட்டு, "நாங்கள் ரெண்டு பேர்தானே? இதென்ன கோயில் அன்னதானமோ?" என்றார். சமையல்காரன் புத்தி. வேலை செய்கிற ஹோட்டலில் அளந்து அளந்து பழகிவிட்டார்.

இன்றைக்கு ரசத்தில் மிளகு குறைவு என்று சக்கரை சொன்னார். சுவிஸ் மனிசி! நான் மறுபேச்சுப் பேசாமல் "போயிட்டு வாறன்" என்றேன். "எப்போது?" "பத்து நிமிடம்." மிளகை இடித்துக்கொண்டு போக ஐம்பது நிமிடம் ஆகிவிட்டது. கொப்பியைத் திறந்தார், எழுதினார், மூடினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மார்ச் 14

பேட்டி. விளக்கமாக எழுதுகிறேன், பிறகு மறந்துவிடும்.

ஊர்க் கந்தோர் மேல்மாடி. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். தலைவர் ஹெர் இம்ஹோல்ஸ், இறைச்சிக்கடைக்காரர். ஒரு தீயணைப்புக்காரர். ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை. இந்தப் பக்கம் நாங்கள். இவர் கலியாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டிருந்தார், அது பொத்தானைப் பூட்ட விடவில்லை.

முதல் கேள்வி: "உங்கள் சமையலறை யன்னலிலிருந்து எந்த மலை தெரியும்?"

மலைகளின் பெயர், உயரம் எல்லாம் பாடமாக்கிக்கொண்டு போயிருந்தேன். ஆனால் கேட்டது எங்கள் குசினி யன்னல். அதால் பார்த்தால் சக்கரையின் பல்கனியில் காய்கிற உடுப்புத்தான் தெரியும். பொய் சொல்லக் கூடாது என்று நினைத்து, "ஃப்ராவ் ட்ஸ்கிராக்கனின் உள்ளுடுப்பு" என்றேன். தீயணைப்புக்காரருக்குத் தண்ணீர் புரையேறியது. ஆசிரியை ஏதோ எழுதிக்கொண்டார்.

அடுத்தது, பொண்டூ என்கிற உருக்கிய சீஸ் சாப்பாட்டில் என்ன சேரும். இது இவருடைய பாடம். பத்து வருடமாகச் சுவிஸ் ஹோட்டலில் சமைக்கிறவர். இரண்டு வகைச் சீஸ், வெள்ளை வைன், உள்ளி, எல்லாம் ஒழுங்காகச் சொன்னார். அதோடு வாயை மூடியிருக்கலாம். "கடைசியில் ஒரு தேக்கரண்டி யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள்" என்று சேர்த்தார். இறைச்சிக்கடைக்காரரின் முகம் இருண்டது. நான் மேசைக்குக் கீழே காலால் உதைத்தேன். அது ஆசிரியையின் கால்.

குப்பைப் பையில் எந்த நாளில் ஸ்டிக்கர் ஒட்டுவது, ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டலாமா, நாட்டை ஆள்கிறவர்கள் எத்தனை பேர் என்று எல்லாம் கேட்டார்கள். எல்லாம் சரி. ஒவ்வொன்றுக்கும் இவர் எங்கள் பாணியில் தலையை ஆட்டினார். அது ஓமா இல்லையா என்று ஆசிரியை மூன்று தரம் கேட்டுவிட்டார். நான்தான் "ஓம்" என்று மொழிபெயர்த்தேன்.

பிறகு ஹெர் இம்ஹோல்ஸ் கடதாசிகளை ஒன்றாக அடுக்கி மேசையில் தட்டி, "குட். டாங்கே" என்றார். நன்றி என்றால் முடிந்தது என்றுதானே அர்த்தம்? நான் எழும்பி, கைப்பையை எடுத்து, முகம் நிறையச் சிரித்து, "இஹ் கேயே உண்ட் கொம்மே" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இவரும் கோட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார்.

நன்றாகப் போனது. அவர்கள் மூவரும் மிகவும் அன்பாகத் தலையாட்டினார்கள். வீட்டுக்கு வந்து புட்டு அவித்துச் சாப்பிட்டுவிட்டு ஒரு நித்திரை அடித்தோம்.

மார்ச் 27

கடவுளே.

கடிதம் வந்திருக்கிறது. நாலு தரம் வாசித்தேன், அகராதி வைத்து ஐந்தாம் தரமும் வாசித்தேன். அப்படியே தமிழில் எழுதுகிறேன்:

"மனுதாரி, கடைசிக் கேள்விக்கு முன்பாக, 'நான் போகிறேன், வருகிறேன்' என்று அறிவித்து அறையை விட்டு வெளியேறினார். அவசரத் தேவை என்று ஆணைக்குழு கருதியது. கணவரும் உடன் சென்றதால் அவருக்கும் அதே தேவை என்று கருதியது. ஆணைக்குழு ஐம்பத்தைந்து நிமிடம் காத்திருந்தது. ஆணைக்குழு உறுப்பினர் ஒருவர் கழிவறைக் கதவையும் தட்டிப் பார்த்தார். மனுதாரர்கள் திரும்பி வரவில்லை."

இன்னும் இருக்கிறது. கடைசிக் கேள்விதான் முக்கியமான கேள்வியாம், அது பதில் இல்லாமல் நிற்கிறதாம். சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவர்களை ஆணைக்குழு சிபாரிசு செய்ய முடியாதாம். மே 25 ஊர்க்கூட்டம் கையுயர்த்தி முடிவெடுக்குமாம். அதற்கு முதல், அயலவர் ஃப்ராவ் ட்ஸ்கிராக்கனிடம் எங்கள் நம்பகத்தன்மை பற்றி விசாரிப்பார்களாம்.

இவர் கடிதத்தை வாங்கி ஐம்பத்தைந்து என்ற இடத்தில் விரலை வைத்தார். கேட்டார்: "அந்த ஐம்பத்தைந்து நிமிசமும் நாங்கள் என்னப்பா செய்தனாங்கள்?"

"புட்டுத் திண்டனாங்கள்."

"கடவுளே."

சிரித்தோம். வயிறு நோகச் சிரித்தோம். பிறகு இவர் எழும்பிப்போய் முகம் கழுவினார், நெடுநேரம் கழுவினார். இந்த மனு விழுந்தால் இனிப் புதுச் சட்டம்தான். மறுபடி ஒவ்வொரு நவம்பரும். இவருக்கு ஐம்பத்திரண்டு.

ஏப்ரல் 8

சக்கரையை மசிய வைக்கத் தீர்மானித்துவிட்டேன். இன்றைக்கு மரக்கறி ரோல்ஸ் எட்டு. வாங்கிக்கொண்டார், விசாரணை பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஏப்ரல் 12

என் வியாழனில் பதினொன்று ஐம்பதுக்கே தோய்க்கிற அறையை விட்டேன். மெஷினின் ரப்பரைத் துடைத்தேன். தூசி வடிகட்டியைத் துடைத்தேன். சக்கரையின் கூடையையும் துடைத்தேன்.

"உங்களுக்குக் காய்ச்சலா, ஃப்ராவ் வல்லிபுரம்?" என்று நெற்றியில் கைவைத்துப் பார்த்தார்.

ஏப்ரல் 30

பார்த்துவிட்டேன். அந்தக் கொப்பியை.

சக்கரை மருந்து எடுக்கக் கீழே போனார், கதவு திறந்திருந்தது, கொப்பி ஆணியில் தொங்கியது. கை தானாகப் போனது. எல்லாப் பக்கமும் நான்தான். குப்பைப் பையும் இல்லை, பொரியல் மணமும் இல்லை. பக்கத்துக்குப் பக்கம், வருடத்துக்கு வருடம்:

"வ. சொன்னது: அரை மணி. வந்தது: மறுநாள்."

"வ. சொன்னது: ஐந்து நிமிடம். வந்தது: இரண்டு மணி இருபது நிமிடம்."

"வ. சொன்னது: இப்போதே. வந்தது: செவ்வாய்."

இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? பதினான்கு வருடம் நான் பொய் சொன்னதற்கு, பென்சிலால், நிமிடக் கணக்கில். ஒரு மனுசியிடம் மரியாதையாக விடைபெற்றது இப்படியா வந்து முடியும்?

இவரிடம் சொல்லவில்லை.

மே 11

விசாரிக்க வந்தவர்கள் சக்கரையின் வீட்டில் ஒரு மணித்தியாலம் இருந்தார்கள். கதவில் காதை வைத்துக் கேட்டேன், ஒன்றும் கேட்கவில்லை. கொப்பியைத் திருப்புகிற சத்தம் மட்டும் கேட்டது போல் இருந்தது. இன்றைக்கு ரசம் வைக்கவில்லை.

மே 12

வைத்தேன். முழங்கால் இன்னும் முழுக்கச் சுகமில்லை அவருக்கு. என் கோபத்துக்கு அந்த முழங்கால் என்ன செய்யும்?

மே 25

அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணல். பரவாயில்லை.

கூட்டம் பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில். நூற்றுச் சொச்சம் பேர். எங்களைப் பின்வரிசையில் இருத்தினார்கள், தலைக்கு மேலே கூடைப்பந்து வளையம். முதல் விஷயம், ஆற்றோரம் நாய்க்கழிவுத் தொட்டி வைப்பதா வேண்டாமா. ஒரு மணி பத்து நிமிடம்! இரண்டு பேர் கிட்டத்தட்ட அடிபட்டுக்கொண்டார்கள். எழுபத்தொரு கை உயர்ந்து தொட்டி வென்றது. நாய்க்கே எழுபத்தொன்று என்றால் எங்களுக்கு எத்தனை என்று யோசித்தேன்.

பிறகு ஹெர் இம்ஹோல்ஸ் எங்களுக்கு அனுப்பிய கடிதத்தை வாசித்தார். கழிவறைக் கதவைத் தட்டிய இடத்தில் மண்டபமே சிரித்தது. நான் நிலத்தைப் பார்த்தேன். "அயலவர் பேச விரும்புகிறார்" என்றார்.

சக்கரை எழும்பினார். ஊன்றுகோல் ஒரு கையில், கொப்பி மறு கையில். என் நெஞ்சு அடித்த அடியில் இவர் திரும்பிப் பார்த்தார்.

சக்கரை ஜெர்மனில் சொன்னதை எனக்கு விளங்கிய மட்டும் எழுதுகிறேன்.

"ஃப்ராவ் வல்லிபுரம் பதினான்கு வருடத்தில் என் வாசலில் ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று தடவை 'நான் போகிறேன், வருகிறேன்' என்று சொல்லியிருக்கிறார். எப்போது என்று ஒவ்வொரு முறையும் கேட்டேன். சொன்ன நேரத்துக்கு வந்தது ஒன்பது தடவை."

யாரோ சீட்டியடித்தார்கள். இம்ஹோல்ஸ் பேனாவை எடுத்தார்.

"முதல் நாள் அரை மணி என்றார். நான் கோப்பி போட்டுவிட்டு ஆறு மணி வரை காத்திருந்தேன். ஆறிப்போனது. ஊற்றிவிட்டேன். நல்ல கோப்பி."

பதினான்கு வருடமாக எனக்கு இது தெரியாது. கோப்பி போட்டிருக்கிறார்! எனக்காக!

"மிக நீண்ட அரை மணி பதினொரு நாள். அவருக்கு அப்போது காய்ச்சல். பன்னிரண்டாம் நாள் சூப்போடு வந்தார், காய்ச்சல் பிடித்தது எனக்கு என்பது போல." ஒரு பக்கம் புரட்டினார். "இப்போது கேளுங்கள், இம்ஹோல்ஸ். நான் கணக்குப் படிப்பித்தவள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமலே விட்டது எத்தனை தடவை?"

இம்ஹோல்ஸ் கடதாசிகளைப் புரட்டினார்.

"ஒரு தடவையும் இல்லை. உங்கள் கடையில் நான் வெள்ளிக்கிழமைக்குச் சொல்லி வைத்த கன்றிறைச்சி, அது இன்னும் வரவில்லை."

மண்டபம் சிரிப்பில் ஒருமுறை ஆடிப்போனது. இம்ஹோல்ஸ் காதுவரை சிவந்தார். சக்கரை கொப்பியை மூடினார்.

"அன்றைக்கு நீங்கள் காத்திருந்தது ஐம்பத்தைந்து நிமிடம். பொறுமையில்லாத ஆட்கள். இதோ வந்திருக்கிறார். கடைசிக் கேள்வியைக் கேளுங்கள். சுருக்கமாகக் கேளுங்கள், என் உடுப்பு மெஷினில் இருக்கிறது."

இம்ஹோல்ஸ் கேட்டார். "ஃப்ராவ் வல்லிபுரம், நீங்கள் ஏன் சுவிஸ் குடிமகளாக வேண்டும்?"

இதற்கு ஒரு பதில் பாடமாக்கி வைத்திருந்தேன். நேரடி ஜனநாயகம், சுத்தமான தண்ணீர், மலைகள். எழும்பி நின்றதும் எல்லாம் மறந்துவிட்டது. வகுப்பு ரீச்சர் கேட்டால் தலையில் அடித்துக்கொள்ளும் ஜெர்மனில், வாயில் வந்ததைச் சொன்னேன்.

"எங்கள் மொழியில் 'போகிறேன்' என்று சொல்லக் கூடாது. 'போய் வருகிறேன்' என்று சொல்ல வேண்டும். பி விசாவோடு நான் போகிறேன் மட்டும்தான் சொல்லலாம். வருகிறேன் என்பதை நான் சொல்ல முடியாது. அதை நவம்பர் மாதம் ஒரு கடிதம் சொல்ல வேண்டும். பதினான்கு வருடமாகப் பயம். எனக்கு அதை நானே சொல்ல வேண்டும்."

இவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டேன். இவர் என் கையைப் பிடித்தார். ஊர் ஆட்கள் முன்னால் இவர் என் கையைப் பிடித்தது இதுதான் முதல் தரம்.

கை உயர்த்தச் சொன்னார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இவர்தான் எண்ணினார். "தொண்ணூற்றெட்டு" என்று காதுக்குள் சொன்னார். பிறகு, "நாயை வெண்டிட்டம், சுகிர்தா."

எதிராக ஏழு. அதில் ஒன்று மிளகாய்த்தூளுக்காக இருக்கும்.

அழுதேன். மறைக்க ஒன்றுமில்லை, மண்டபத்திலேயே, மூக்கு ஒழுக ஒழுக அழுதேன். சக்கரை வந்து கைலேஞ்சி நீட்டினார். "தோய்த்துத் திருப்பித் தர வேண்டும். வியாழன்" என்றார்.

மே 26

இனி வீட்டுக்குள் அவரைச் சக்கரை என்று சொல்லக் கூடாது என்று இவருக்குச் சொன்னேன்.

"பேந்து என்னெண்டு கூப்பிடுறது?"

அவருடைய முதற்பெயர் எனக்குத் தெரியாது. பதினான்கு வருடம்! போய்க் கேட்டேன். ஹெட்விக். இவர் சொல்லிப் பார்த்தார். பல்லுக்கட்டு மறுபடி ஆடியது. சரி, சக்கரையே இருக்கட்டும்.

ஜூன் 14, அடுத்த வருடம்

மாகாணமும் தலைநகர் பேர்னும் ஓம் சொல்லி, கடிதத்துக்கு மேல் கடிதம் வந்து, ஒருவழியாகச் சிவப்புப் பாஸ்போர்ட் புத்தகம் கைக்கு வந்து மூன்று கிழமை. உள்ளே என் படம், எனக்குப் பக்கத்தில் வல்லிபுரம். மாமா, நீங்களும் சுவிஸ்காரர் ஆகிவிட்டீர்கள், இனியாவது என்னோடு கதையுங்கோ.

இன்றைக்கு லண்டன் பயணம். கலியாணம் நாளைக்கு. மாம்பழ மஞ்சள் சீலை பெட்டியில். இவர் கீழே நின்று கத்துகிறார், ரயில் போய்விடுமாம். நான் எதிர்க்கதவைத் தட்டினேன்.

"ஃப்ராவ் ட்ஸ்கிராக்கன், இஹ் கேயே உண்ட் கொம்மே."

"எப்போது?"

இந்த முறை வாயில் வந்ததைச் சொல்லவில்லை. ரயில் நேரத்தை எடுத்துப் பார்த்து, ஸ்டேஷனிலிருந்து நடக்கிற நேரத்தையும் கூட்டி, சொன்னேன். "ஞாயிறு. மாலை ஏழு நாற்பது."

கொப்பியில் எழுதினார். பென்சிலைக் காதில் செருகினார். நான் இரண்டு படி இறங்கிவிட்டேன், பின்னால் குரல் கேட்டது.

"கேயென் ஸீ உண்ட் கொம்மென் ஸீ."

போயிட்டு வாங்கோ. அதைத்தான் சொன்னார். இத்தனை வருடத்தில் முதல் தரம் அதற்குப் பதில் கிடைத்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ரயில் போயிருக்கும்.

ஜூன் 16

கலியாணம் வடிவாக நடந்தது. விவரம் பிறகு. நளாயினி கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"அக்கா, இப்பதானே வந்தனீங்கள். இன்னும் ரெண்டு நாள் நில்லுங்கோவன். உங்களை இனி ஆர் என்ன கேக்கிறது?"

"ஏலாதடி. சொல்லிப்போட்டு வந்தனான்."

எங்கள் கட்டிட வாசலுக்கு வரும்போது ஏழு முப்பத்தேழு. படியேறி மேலே வந்தோம், ஏழு முப்பத்தெட்டு. மணியை அடிக்கப் போன இவரின் கையைத் தட்டிவிட்டேன்.

"என்னப்பா?"

"இன்னும் ரெண்டு நிமிசம் இருக்கு."

பெட்டியோடு, சீலையோடு, இருவரும் மூச்சுக்காட்டாமல் படியில் நின்றோம். கதவுக்கு அந்தப் பக்கமும் ஊன்றுகோல் மெல்லத் தட்டுவது கேட்டது. அவரும் அங்கே நின்றுகொண்டிருக்கிறார், திறக்கவில்லை.

ஏழு நாற்பதுக்கு மணியை அடித்தேன். கதவு உடனே திறந்தது. மேசையில் மூன்று கோப்பை.

சக்கரை முதலில் மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு கொப்பியை ஆணியிலிருந்து எடுத்து எழுதினார்.

"பத்து" என்றார்.

கோப்பி நல்ல சூடாக இருந்தது.